எழுந்து நிற்பதற்கும் ஒரு படிப்பு உண்டு

(நமது மருத்துவமனையின் கல்வி உதவி பெற்றுவரும் பிளஸ் டூ மாணவ மாணவியருக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் நடந்த வழிகாட்டுதல் கூட்டத்தில், பிசியோதெரபிப் பிரிவின் மூத்த ஊழியர் ஆற்றிய உரை. அன்று வர இயலாத நண்பர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



பேசத் தொடங்குமுன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்காருங்கள். பாதங்களை முன்னே நீட்டி வையுங்கள். முதுகு நேராக இருக்கட்டும். தலையைச் சற்றும் முன்னே கொண்டுவராமல், கையை ஊன்றாமல் எழுந்திருங்கள் பார்ப்போம்.

முடியவில்லை அல்லவா? இத்தனை வாலிபப் பிள்ளைகள் இருக்கிறீர்கள், ஒருவராலும் முடியவில்லை. இப்போது பாதங்களைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மூக்கு கால் விரல்களுக்கு நேரே வரும்வரை குனியுங்கள். எழுந்திருங்கள். சுலபமாக எழுந்துவிட்டீர்கள்.

உட்கார்ந்திருக்கும்போது உங்கள் உடம்பின் பாரம் நாற்காலியின் மேல் இருக்கிறது. அந்தப் பாரம் பாதங்களுக்கு மேலே வந்தால்தான் எழ முடியும். ஒரு வயதுக் குழந்தை இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்கிறது. அறுபது வயதில் பக்கவாதம் வந்தவருக்கோ இது மறந்துபோகிறது. அவரை எழுப்புவதற்கு வீட்டார் என்ன செய்கிறார்கள்? விழுந்த கையைப் பிடித்து மேலே இழுக்கிறார்கள். பலமில்லாத தோள்மூட்டு அந்த இழுப்பைத் தாங்காது. மூட்டு இறங்கி, வலி பிடித்து, அந்த வலியாலேயே அவர் படுக்கையோடு படுக்கையாகிவிடுகிறார். அன்பு மிகுந்த கைகள்தான் இந்தக் கெடுதலைச் செய்கின்றன. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அப்படிச் சொல்லிக்கொடுக்கும் ஆளாவதற்கு என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம், படித்தால் பிழைப்பு உண்டா என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

என் கதை

எங்கள் வீட்டில் நான் டாக்டராக வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். மதிப்பெண் போதவில்லை. பிசியோதெரபிக்கு இடம் கிடைத்தது. அப்பா ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. "பையன் மெடிக்கல் லைன்லதான் படிக்கிறான்" என்பார். நானும் விடுமுறைக்கு வந்தால் வெளியே தலைகாட்ட மாட்டேன். இரண்டு வருஷம் இப்படியே போனது.

மூன்றாம் ஆண்டில் தொழுநோய்ப் பிரிவில் எனக்குப் பயிற்சி. விரல்கள் மடங்கிப்போன ஒரு தச்சருக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மூன்று வாரம் கட்டில் இருந்த கையை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார்கள். விரலை நீட்டச் சொன்னேன். அவரால் முடியவில்லை. வேறொரு வேலை செய்துகொண்டிருந்த தசையை எடுத்து விரலோடு இணைத்திருக்கிறார்கள். தசை தயாராக இருக்கிறது, ஆனால் தான் இடம் மாறிய சங்கதி மூளைக்கு இன்னும் தெரியாது. பழைய வேலையை நினைக்கச் சொல்லி, அப்போது விரலில் உண்டாகும் மிகச் சிறிய அசைவைக் கண்ணால் பார்க்கச் சொல்லி, தினமும் இருந்து பழக்கினேன். சில வாரங்கள் கழித்து ஒரு நாள் தரையில் கிடந்த ஆணியை அவர் தாமாகவே எடுத்தார். எடுத்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை, ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த விடுமுறையில் டீக்கடையில் உட்கார்ந்து நான் என்ன படிக்கிறேன் என்று நானே சொன்னேன்.

வேலூரில் நடந்த காரியம்

நான் பார்த்தது புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் வழியை 1940-களின் கடைசியில் தொடங்கினார். தொழுநோய் சில நரம்புகளைக் கெடுத்தாலும் வேறு சில நரம்புகளை விட்டுவைக்கிறது, ஆகவே முன்கையில் நல்ல தசைகள் மீதியிருக்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. ஆனால் கத்தி செய்யும் வேலை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அந்தக் கையைப் பழக்கும் வேலை பல வாரம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றதும் வீண்.

அவர் இன்னொன்றும் கண்டார். தொழுநோயாளியின் பாதத்தில் புண் வருவதற்குக் காரணம் நோய் சதையைத் தின்பதல்ல. வலி தெரியாததால் அவர் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி நடக்கிறார். நமக்கெல்லாம் வலித்தவுடன் நடையை மாற்றிக்கொள்கிறோம், அவருக்கு அந்த எச்சரிக்கை இல்லை. ஆகவே மிருதுவான ரப்பர் அடியுள்ள செருப்பும், தினமும் மாலையில் தன் பாதத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கமும் பல கால்களைக் காப்பாற்றின. நடையை ஆராய்வது ஒரு படிப்பு. அந்தப் பழக்கத்தை ஜனங்களிடம் உண்டாக்குவது இன்னொரு படிப்பு. இரண்டும் அந்தச் செருப்பில் சேர்ந்திருக்கின்றன.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற வாலிப மருத்துவர் 1954-இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966-இல் வேலூரில் உருவாக அவரே காரணம். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நோய் வருமுன்

இனி இரண்டாவது படிப்புக்கு வருகிறேன். லண்டன் மாநகரில் ஓடிய இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே சாலை, ஏறக்குறைய ஒரே விதமான வாழ்க்கை. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் இவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகமாகவும், படியேறிய நடத்துநர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. 1953-இல் வெளியான இந்த ஆய்வுதான் உடலுழைப்புக்கும் இருதயத்துக்கும் உள்ள உறவை உலகத்துக்கு எடுத்துக்காட்டியது.

இன்று நம் தேசத்தைப் பாருங்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் மருத்துவமனை கட்டி முடியாது. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் ஓரளவு வேகமாக நடப்பது போன்ற பயிற்சி செய்ய வேண்டும், பிள்ளைகள் தினமும் சராசரி 60 நிமிடம் ஓடி விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வழிகாட்டியிருக்கிறது. சொல்வது சுலபம். நடப்பதற்கு நடைபாதை வேண்டும், தெருவிளக்கு வேண்டும், பெண்கள் பயமில்லாமல் நடக்கும் ஊர் வேண்டும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

கனடாவின் ஒட்டாவா நகரில் 1986-இல் கூடிய உலக மாநாடு இதைத்தான் வலியுறுத்தியது. தங்கள் ஆரோக்கியத்தின் மேல் ஜனங்களுக்கே அதிகாரமும் திறமையும் உண்டாகச் செய்வது ஒரு தனி வேலை என்றது. அதற்கு 'ஹெல்த் ப்ரமோஷன்' என்று பெயர். தமிழில் நலவாழ்வு மேம்பாடு எனலாம்.

இதற்கு ஒரு சாட்சி எங்கள் பிரிவிலேயே உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இளம்பிள்ளை வாதம் வந்த குழந்தைகளுக்குக் காலிப்பர் மாட்டி நடக்கப் பழக்குவது எங்கள் அன்றாட வேலை. 1995-இல் நாடு முழுவதும் போலியோ சொட்டு மருந்து நாள் தொடங்கியது. 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததே கடைசி. 2014 மார்ச் மாதம் நம் நாடு போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. வீடு வீடாக ஏறி, விரலில் மை வைத்து, 'வேண்டாம்' என்ற தாய்மாரிடம் பொறுமையாகப் பேசினவர்கள் இதைச் செய்து முடித்தார்கள். எங்கள் அலமாரியில் இருந்த சின்னக் காலிப்பர்கள் வேலையற்றுப் போயின. தொழிலில் வேலை குறைந்ததற்காக நாங்கள் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

நான் செய்த தவறு

இந்த இரண்டு படிப்பையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு விவசாயி பக்கவாதத்தோடு வந்தார். வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. மூன்று வாரம் அவரோடு பாடுபட்டேன். நல்ல மனிதர், சொன்னபடி செய்வார். கம்பியைப் பிடித்து நின்றார், பிறகு நடந்தார், கடைசியில் கைத்தடியோடு நடந்தே வார்டை விட்டுப் போனார். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைப் படத்தோடு அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்பினேன்.

நாலு மாதம் கழித்து அவரை ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். முழங்கை மடங்கி இறுகியிருந்தது, விரல்கள் உள்ளங்கைக்குள் புதைந்திருந்தன. முதுகின் கீழே புண். எனக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, சொன்னதைச் செய்யலையா?" என்று அவர் மனைவியைக் கடிந்துகொண்டேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் ஊருக்குப் போனேன். அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். அவர் படுத்திருந்தது தொய்ந்துபோன கயிற்றுக் கட்டில். அதிலிருந்து நானே சிரமப்பட்டுத்தான் எழ வேண்டும். வாசற்படி முழங்கால் உயரம். கழிப்பறை இல்லை, வயற்காட்டுக்குப் போக வேண்டும். மனைவி விடிந்தால் கூலி வேலைக்குப் போய்ப் பொழுதுசாயத்தான் வருவார். "வாதம் வந்தவரை அசைக்கக் கூடாது, ரத்தம் கெட்டுப்போகும்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லியிருக்கிறார்கள். நான் கொடுத்த தாள் கூரையில் பத்திரமாகச் செருகப்பட்டிருந்தது. அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நாலாம் வகுப்புப் பேரன் ஒருவன்தான். அவனிடம் அதை யாரும் காட்டவில்லை.

மூன்று வாரத்தில் ஒருமுறைகூட நான் அவரிடம் "உங்கள் வீடு எப்படி இருக்கும் ஐயா?" என்று கேட்கவில்லை. தசையைப் பற்றி எல்லாம் படித்திருந்தேன். மனிதர் வாழும் இடத்தைப் பற்றி ஒன்றும் படிக்கவில்லை.

கட்டிலின் மேல் பலகை போட்டு, கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினோம். வாசலில் இன்னொரு படி கட்டினோம். பேரனுக்கு வேலை கொடுத்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாத்தாவை எழுப்பி உட்காரவைத்து, இருபது வரைக்கும் எண்ண வேண்டும். அவன் சத்தமாக எண்ணுவது தெருவுக்கே கேட்கும். சில மாதங்களில் அவர் டீக்கடை வரைக்கும் நடந்தார். ஆனால் அந்தக் கை திறக்கவே இல்லை. நாலு மாதம் தாமதித்ததற்கு அந்தக் கைதான் விலை.

என்னென்ன படிக்கலாம்?

பிசியோதெரபி, அதாவது பி.பி.டி. பட்டம். தமிழில் இயன்முறை மருத்துவம் என்கிறார்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நெடுங்காலமாக நாலு வருஷப் படிப்பும் ஆறு மாதப் பயிற்சியும் என்று இருந்தது. 2021-இல் வந்த தேசிய சட்டத்துக்குப் பின் பாடத்திட்டமும் சேர்க்கை முறையும் மாறி வருகின்றன. ஆகவே சேருகிற வருஷத்தில் எத்தனை ஆண்டு, என்ன தேர்வு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் இதற்கு முதல் பள்ளி 1950-களின் தொடக்கத்தில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில், போலியோவின் கொடுமையைக் கண்டுதான் தொடங்கப்பட்டது. மேலே எம்.பி.டி. படித்தால் எலும்பு மூட்டு, நரம்பு, இருதயமும் நுரையீரலும், குழந்தைகள், விளையாட்டு, சமுதாயம் என்று ஒரு துறையில் தேர்ச்சி பெறலாம்.

ஆக்குபேஷனல் தெரபி, பி.ஓ.டி. பட்டம். பிசியோதெரபிஸ்ட் கையை அசையப் பழக்கினால், இவர் அந்தக் கையால் சோறு உண்ண, சட்டைப் பொத்தான் போட, எழுதப் பழக்குவார். ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளோடும் வேலை செய்வார். இதற்கும் கே.இ.எம். மருத்துவமனையில்தான் 1950-இல் கமலா நிம்ப்கர் அம்மையார் முதல் பள்ளியைத் தொடங்கினார். இந்தப் படிப்புள்ள கல்லூரிகள் குறைவு, படித்தவர்களும் குறைவு. ஆகவே தேவை அதிகம். பொறுமையும் கைவேலையில் பிரியமும் உள்ள பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்வேன்.

செயற்கைக் கால், கை, காலிப்பர் செய்யும் படிப்பு மூன்றாவது. பி.பி.ஓ. என்பார்கள். கணினி அலுவலக வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! உடற்கூறும் தெரிய வேண்டும், பட்டறை வேலையும் தெரிய வேண்டும். வேலூரில் இம்மூன்று படிப்பும் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பலவகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

விளையாட்டும் உடற்பயிற்சியும் உங்கள் மனசுக்குப் பிடித்தவையா? சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி 1920-இல் ஹாரி குரோ பக் என்பவரால் தொடங்கப்பட்டது. ஆசியாவிலேயே இத்துறையில் மூத்த கல்லூரி அது. 1924 பாரீஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உண்டு. குவாலியரில் 1957-இல் தோன்றிய லட்சுமிபாய் தேசிய நிறுவனம் உண்டு. டிரில் மாஸ்டர் வேலை மட்டுமே இதற்கு உண்டு என்று எண்ணாதீர்கள். உடற்பயிற்சி உடலியங்கியல், அசைவின் விசைகளை ஆராயும் பயோமெக்கானிக்ஸ் ஆகியவை இதன் உள்ளே வளர்ந்த துறைகள்.

நலவாழ்வு மேம்பாட்டுக்கு வருவோம். இது பெரும்பாலும் ஒரு பட்டம் முடித்த பிறகு வரும் படிப்பு. சுகாதாரக் கல்விக்கென்றே பெயர்பெற்ற இடம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மையார் உருவாக்கிய காந்திகிராமத்தில், கிராம சுகாதார நிறுவனம் பல தலைமுறை சுகாதாரக் கல்வியாளர்களைப் பயிற்றுவித்திருக்கிறது. பொது சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டமான எம்.பி.எச். வேலூரிலும், சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்திலும் உண்டு. 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப் பணிக் கல்லூரி போன்ற இடங்களில் சமூகப் பணி படித்துவிட்டும் இத்துறைக்கு வரலாம். ஜனங்களோடு பழகத் தெரிந்தவர்களுக்கும், புள்ளிவிவரத்துக்குப் பயப்படாதவர்களுக்கும் உரிய படிப்பு இது. கலைப் பாடம் படித்த பிள்ளைகளே, உங்களுக்கும் இங்கே வாசல் திறந்திருக்கிறது.

'கினீசியாலஜி' என்றால் என்ன?

சென்ற கூட்டத்தில் ஒரு தாயார், "கனடாவில் என் அண்ணன் மகள் கினீசியாலஜி படிக்கிறாளாம், அது என்னங்க?" என்று கேட்டார்கள். அசைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. உடல் இயக்கவியல் எனலாம். வட அமெரிக்காவில் உடற்கல்வித் துறை 1960-களில் ஒரு தனி அறிவியலாக உருவெடுத்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1967-இல் கினீசியாலஜிக்கென்றே ஒரு துறையை முதன்முதலாக அமைத்தது. நாலு வருஷப் பட்டம் அது. ஒன்டாரியோ மாகாணத்தில் 2013 முதல் அவர்களுக்குப் பதிவுபெற்ற தொழில் என்ற தகுதியும் உண்டு. ஆலைகளில் முதுகுவலி வராமல் வேலையை அமைத்துக்கொடுப்பது, மாரடைப்பு வந்தவர்களுக்குப் பயிற்சி தருவது என்று பல வேலைகள் செய்கிறார்கள்.

அங்கே கினீசியாலஜி வேறு, பிசியோதெரபி வேறு. பிசியோதெரபிஸ்ட் ஆக வேண்டுமானால் கனடாவில் பட்டத்துக்குப் பிறகு முதுநிலைப் படிப்பு, அமெரிக்காவில் அதற்கும் மேலான டாக்டர் பட்டப் படிப்பு. நம் பி.பி.டி. படித்தவர்கள் அங்கே போனால் சான்றிதழைச் சரிபார்த்துத் தேர்வும் எழுத வேண்டும். ஆகவே, 'இங்கே படி, உடனே அங்கே வேலை' என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். அதோடு, கையைத் தூக்கச் சொல்லி அழுத்திப் பார்த்து 'உனக்கு இன்ன நோய்' என்று சொல்லும் ஒரு வித்தையையும் இதே பெயரில் நடத்துகிறார்கள். அதற்கும் இந்த அறிவியலுக்கும் சம்பந்தமில்லை.

சேருமுன் கேளுங்கள்

சில வருஷங்களுக்கு முன் ஒரு மாணவி எங்களிடம் பயிற்சிக்கு வந்தாள். கெட்டிக்காரப் பெண். அவள் படித்த இடத்துக்குப் பல்கலைக்கழக இணைப்பே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தாயாரின் நகை முழுவதும் அங்கே போயிருந்தது. அவள் வேறு கல்லூரியில் முதல் வருஷத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.

ஆகவே பணம் கட்டுமுன் நாலு கேள்வி கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு? தமிழ்நாட்டில் பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், அல்லது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். இந்த வருஷத்துக்கு இணைப்பு உண்டா என்று பல்கலைக்கழகத்திலேயே கேளுங்கள். இரண்டாவது, நோயாளிகள் உள்ள மருத்துவமனை கல்லூரிக்கு இருக்கிறதா? நோயாளியைத் தொடாமல் இந்தப் படிப்பு வராது. மூன்றாவது, படித்து முடித்தால் பதிவு எங்கே? 2021 சட்டம் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, உணவியல் முதலான தொழில்களுக்குத் தேசியப் பதிவை ஏற்படுத்தியிருக்கிறது. செயற்கை உறுப்புத் துறைக்கு 1992 சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகம் உண்டு. நாலாவது, சென்ற வருஷம் முடித்துப் போன மாணவர் இருவரின் முகவரியை வாங்கி நேரில் பேசுங்கள். விளம்பரத் தாளைவிட அவர்கள் உண்மை சொல்வார்கள்.

பிழைப்பு பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். தொடக்கச் சம்பளம் குறைவு. தனியார் இடங்களில் முதல் சில வருஷம் மனம் சோர்ந்துபோகும். எங்கள் மாணவரில் சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அனுபவமும் மேற்படிப்பும் சேர்ந்தால் நிலைமை மாறும். மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம், விளையாட்டு அணி, ஆலை, கல்லூரி ஆசிரியப் பணி என்று இடங்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் நம் மாநிலத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் கிராமத்து வீடுகளுக்கே அனுப்பப்பட்டார்கள். அந்த விவசாயியின் வீட்டுக்கு நான் நாலு மாதம் தாமதித்துப் போனதை நினைக்கும்போது, இந்த மாற்றம் எனக்கு எவ்வளவு பெரிதென்று உங்களுக்குப் புரியும்.

முடிவாக

பெற்றோரே, மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காத பிள்ளையை 'இதையாவது படி' என்று இங்கே தள்ளிவிடாதீர்கள். 'இதையாவது' என்று வந்த பிள்ளை நோயாளியின் பக்கத்தில் பொறுமையாக உட்காராது. ஒரு நாள் அவனை எங்கள் பிரிவுக்கு அனுப்புங்கள். காலை முதல் மாலை வரை ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரே அசைவை முப்பது முறை சொல்லிக்கொடுப்பதை ஆவலோடு பார்க்கிறானா, கடிகாரத்தைப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். அதுவே போதும்.

பிள்ளைகளே, உங்களில் ஒருவர் இந்தப் படிப்புக்கு வர ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். அவர் வீட்டாரின் அனுமதியோடு சொல்கிறேன். இருபதுவரை எண்ணின அந்தப் பேரன் வளர்ந்து கல்யாணமாகி, இன்று அவன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தாத்தாவை எப்படி எழுப்ப வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொடுத்ததை என்னிடம் செய்து காட்டினாள். கையைப் பிடித்து இழுக்கவில்லை. பாதத்தைப் பின்னால் வைத்து, முன்னே குனியச் சொல்லி, இடுப்பில் கை கொடுத்தாள்.

ஆக்குபேஷனல் தெரபி படிக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். "கொள்ளுத் தாத்தாவோட கை திறக்கவே இல்லைன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாங்க சார்" என்றாள்.